உத்தரவாதத்தின் விலை



ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் ஆசிரியரைத் தேடி வருவோருள் பழைய மாணவர்களே மிகுதி. சில மாதங்களுக்கு முன் அவ்வாறு ஒருவர் வந்தார். பள்ளியில் என்னிடம் கணக்குப் பயின்றவர். இன்று ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் ஏஜெண்டாகப் பணிபுரிகிறார். நலம் உசாவிய பின், தம் கைப்பையிலிருந்து வண்ணத்தாள் ஒன்றை எடுத்து என் முன் விரித்தார். "இதில் போடும் பணம் பங்குகளில் முதலீடு செய்யப்படும், சார். பங்கு விலை ஏறினால் ஆதாயம் உங்களுக்கு. இறங்கினாலோ, போட்ட முதலுக்குக் குறையாமல் கம்பெனி கொடுத்துவிடும். அதற்கு உத்தரவாதம் உண்டு" என்றார்.

"அந்த உத்தரவாதத்தின் விலை என்ன, தம்பி?" என்று கேட்டேன்.

"விலையா? அது இலவசம், சார்" என்றார்.

என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை இப்படிச் சொல்லலாமா என்று நகைத்து அனுப்பிவிட்டேன். அவர் படியிறங்கிச் சென்ற பின்புதான், அவ்வினாவுக்கு விடை எனக்கும் தெரியாது என்பது புலனாயிற்று. 'ஏற்றம் உனக்கு, இறக்கம் எனக்கு' என்று ஒருவர் உறுதி கூறுவாரானால், அவ்வுறுதியின் விலையை எங்ஙனம் கணக்கிடுவது? சந்தையின் நிலை மாற மாற அவர் அதனை எங்ஙனம் காப்பாற்றுவார்? இவ்விரு வினாக்களுக்கும் நான் தேடியறிந்த விடையையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதற்கண் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்தபொழுது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் நூற்றுக்கு நூறு பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அகராதி பரிசளிப்பதாகக் காலை வணக்கக் கூட்டத்தில் அறிவித்தேன். முதல் ஆண்டில் 2 பேர் பெற்றனர். அடுத்த ஆண்டில் 3 பேர். அதற்கடுத்த ஆண்டிலும் அவ்வளவே. செலவு எனக்குத் தெரியவே இல்லை. நான்காம் ஆண்டில் வினாத்தாள் எளிதாக அமைந்துவிட்டது. 27 பேர் நூறு வாங்கிக்கொண்டு வந்து என் அறை வாயிலில் வரிசையாக நின்றனர். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறலாகுமா? ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றுத்தான் அகராதிகளை வாங்கினேன்.

நான் செய்த பிழை யாது? வாக்குக் கொடுத்தது பிழையன்று. முந்திய ஆண்டுகளில் ஆன செலவையே அவ்வாக்கின் விலை என்று எண்ணியது முதற்பிழை. மாணவர் பலராயினும் வினாத்தாள் ஒன்றே என்பதை மறந்தது இரண்டாம் பிழை. வினாத்தாள் எளிதானால் அனைவர்க்கும் ஒருங்கே எளிதாகும். பரிசு கேட்போர் அனைவரும் ஒருங்கே வருவர். இவ்விரு பிழைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் பெருங்கம்பெனிகளும் இவற்றையே செய்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதுமையில் சம்பளம் நின்றுவிடும்; செலவு நிற்பதில்லை. கையில் ஒரு தொகை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். இன்னும் எத்தனை ஆண்டு வாழப்போகிறோம் என்று அறியாதவன் அதனை எவ்வளவு எடுத்துச் செலவிடுவது? இக்கவலையைத் தீர்க்கவே ஆன்யுட்டி என்னும் ஆண்டுத்தொகைத் திட்டம் தோன்றிற்று. சேர்த்த தொகையைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டால், உயிருள்ளளவும் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட தொகையை அது கொடுத்துவரும். ஆனால் குறிப்பிட்ட தொகைக்குப் பகைவன் ஒருவன் உளன். அவன் பெயர் விலைவாசி. இன்று குடும்பத்திற்குப் போதுமான பணம் இருபது ஆண்டு கழித்து அரிசிக்கே போதாமற் போகலாம்.

இதற்குப் பரிகாரம் தேடியவர்கள் ஆசிரியர்களுக்காக உழைத்தவர்களே என்பது எனக்குச் சற்றுப் பெருமிதம் அளிக்கும் செய்தி. அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்திற்கென 1918 ஆம் ஆண்டில் அமைந்த சங்கம் ஒன்று, 1952 ஆம் ஆண்டில் 'காலேஜ் ரிடையர்மென்ட் ஈக்விடீஸ் ஃபண்டு' என்னும் நிதியைத் தொடங்கியது. அதில் சேரும் பணம் கம்பெனிப் பங்குகளில் இடப்பட்டது. பங்குகளின் மதிப்பு ஏறினால் ஓய்வூதியமும் ஏறும், இறங்கினால் இறங்கும். இதுவே வேரியபிள் ஆன்யுட்டி, அதாவது மாறும் ஆண்டுத்தொகை. இதில் ஏற்ற இறக்கம் முழுவதும் உறுப்பினரையே சாரும். உத்தரவாதம் எதுவும் அன்று இல்லை.

பின்னர் வந்த வணிகக் கம்பெனிகள் இத்திட்டத்தை எல்லோருக்கும் விற்க முற்பட்டன. முதியவர்களோ பங்குச் சந்தையைக் கண்டு அஞ்சினர். அச்சத்தைப் போக்க உத்தரவாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. சந்தை வீழ்ந்திருக்கும்பொழுது முதலீட்டாளர் இறந்துவிட்டால், போட்ட முதல் குடும்பத்துக்குக் கிட்டும் என்பது 1980-களில் வந்தது. ஓய்வு பெறுங்கால் குறைந்தது இவ்வளவு ஆண்டுத்தொகை உறுதி என்பது 1990-களில் வந்தது. நிதியின் மதிப்பு எப்படிப் போயினும், போட்ட முதலை ஆண்டுக்கு 7 சதவீதமாக எடுத்து முடிக்கலாம் என்னும் திட்டத்தை 2002 இல் ஹார்ட்போர்டு என்னும் அமெரிக்கக் கம்பெனி வெளியிட்டது. வாங்கியவர்கள் நம்பியது, தங்கள் முதுமையின் உணவையும் மருந்தையும் இந்த உறுதிமொழி காக்கும் என்பதையே.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். 'இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆபத்தைத் தாங்குவதுதானே தொழில்? இதில் என்ன புதுமை?' என்று நீங்கள் கேட்கலாம். சாவுக்குக் காப்பு அளிப்பதற்கும் சந்தைக்குக் காப்பு அளிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பத்தாயிரம் பேருக்கு ஆயுள் காப்பு அளித்தால், அவருள் யார் இவ்வாண்டு இறப்பார் என்று அறிய இயலாது; ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பர் என்று அறியலாம். ஆட்கள் பெருகப் பெருகக் கணக்குத் திருத்தமாகும். ஒருவர் இறப்பதால் மற்றவர் இறப்பதில்லை. ஆனால் பத்தாயிரம் பேருக்குப் பங்குச் சந்தைக்கு எதிராக உத்தரவாதம் அளித்தால், சந்தை வீழும் நாளில் பத்தாயிரம் பேரும் ஒருங்கே வாயிலில் வந்து நிற்பர். அவர்கள் எழுதும் வினாத்தாள் ஒன்றே. ஆட்களைப் பெருக்குவதால் இவ்வாபத்து குறையாது, ஆபத்தும் பெருகும்.

இதனை மெய்ப்பிக்கும் துன்பக்கதை ஒன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. அங்குள்ள 'ஈக்விடபிள் லைஃப்' என்னும் சங்கம் 1762 ஆம் ஆண்டில் தோன்றியது. வயதையும் சாவு விகிதத்தையும் கணக்கிட்டு ஆயுள் காப்புக்குப் பிரீமியம் விதிக்கும் முறையை உலகுக்குக் காட்டிய பெருமை அதற்கு உண்டு. கணக்கிலே பிறந்த அச்சங்கம், 1957 முதல் 1988 வரை விற்ற ஓய்வூதியப் பாலிசிகளில், 'ஓய்வு பெறும்பொழுது இன்ன வீதத்துக்குக் குறையாமல் ஆண்டுத்தொகை தருவோம்' என்று எழுதிக்கொடுத்தது. 1970-களிலும் 1980-களிலும் பிரிட்டனில் வட்டி வீதம் மிக உயர்ந்திருந்தது. சந்தையில் கிடைத்த ஆண்டுத்தொகை உறுதியளித்ததைவிட மிகுதியாக இருந்ததால், அவ்வுறுதிமொழியை எவரும் பொருட்படுத்தவில்லை. அதற்கெனத் தக்க அளவில் பணம் ஒதுக்கவும் இல்லை. என் பள்ளியில் 2 பேர், 3 பேர் பரிசு பெற்ற ஆண்டுகளை இது நினைவூட்டவில்லையா?

1990-களில் காற்று திசைமாறியது. வட்டி வீதம் வீழ்ந்தது. மக்களின் ஆயுளும் நீண்டுகொண்டே வந்தது. பல்லாண்டுகளுக்கு முன் காகிதத்தில் எழுதிய வீதம் இப்பொழுது சந்தை வீதத்தைக் காட்டிலும் மேலோங்கி நின்றது. அத்தகைய பாலிசி வைத்திருந்தோர் ஏறத்தாழ 90,000 பேர். உறுதியளித்த வீதத்தைக் கேட்போருக்கு இறுதிப் போனசைக் குறைத்துவிடுவது என்று சங்கம் முடிவு செய்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. 2000 ஆம் ஆண்டு ஜூலை 20 ஆம் நாள், பிரபுக்கள் சபை அவ்வாறு குறைப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதனால் விளைந்த சுமை ஏறத்தாழ 150 கோடி பவுன். அச்சங்கத்துக்குப் பங்குதாரர்கள் இல்லை, உறுப்பினர்களே உடைமையாளர்கள். ஆதலின் அச்சுமை, உத்தரவாதம் இல்லாத ஏனைய உறுப்பினர்களின் தலையில் விழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 8 ஆம் நாள் சங்கம் புதிய வணிகத்துக்குக் கதவை மூடியது. 2001 ஜூலையில் உறுப்பினர்களின் ஓய்வூதியப் பாலிசி மதிப்பில் 16 சதவீதம் வெட்டப்பட்டது. 2010 இல் பிரிட்டிஷ் அரசாங்கம், பல இழப்புகளுக்காக 150 கோடி பவுன் ஈட்டுத்தொகை ஒதுக்கியது. 2020 ஜனவரி முதல் நாளில் எஞ்சிய பாலிசிகள் வேறு கம்பெனிக்கு மாற்றப்பட்டதோடு அச்சங்கத்தின் நெடிய வரலாறு முடிவுற்றது.

சரி, உத்தரவாதத்தின் விலையைக் கணக்கிடும் வழிதான் யாது? காகிதமும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

ஒரு பங்கு நிதியின் ஓர் அலகு இன்று 100 ரூபாய். ஓராண்டு கழித்து அது 120 ஆகலாம், அல்லது 80 ஆகலாம். வேறு வழியில்லை என்று கொள்வோம். வட்டி எதுவும் இல்லை என்றும் இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் 100 ரூபாய் கொடுத்து ஓர் அலகு வாங்குகிறார். 100 ரூபாய்க்குக் குறைந்தால் குறைவை ஈடுசெய்வதாகக் கம்பெனி உறுதி கூறுகிறது. 120 ஆனால் கம்பெனி கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. 80 ஆனால் 20 ரூபாய். இவ்வுறுதிக்கு என்ன விலை கேட்கலாம்?

கம்பெனி இவ்வாறு செய்கிறது. அதே நிதியில் அரை அலகை வேறொருவரிடம் இரவல் வாங்கி, இன்றே 50 ரூபாய்க்கு விற்றுவிடுகிறது. விதைநெல் இரவல் வாங்கியவன் நெல்லாகவே திருப்பித் தருவதுபோல, ஆண்டு முடிவில் அரை அலகாகவே திருப்பித் தர வேண்டும். வாடிக்கையாளரிடம் உத்தரவாதத்தின் விலையாக 10 ரூபாய் பெறுகிறது. ஆகக் கையில் 60 ரூபாய். ஆண்டு முடிவில் அலகின் விலை 120 ஆனால், அரை அலகை 60 ரூபாய்க்கு வாங்கி இரவலைத் தீர்க்கிறது, கணக்கு நேர். விலை 80 ஆனால், 40 ரூபாயில் இரவலைத் தீர்த்து, 20 ரூபாயை வாடிக்கையாளருக்கு ஈடாகக் கொடுக்கிறது. அப்பொழுதும் கணக்கு நேர். சந்தை எப்பக்கம் திரும்பினும் கம்பெனிக்கு நட்டமும் இல்லை, ஆதாயமும் இல்லை. ஆகவே 10 ரூபாயே நியாய விலை.

விலை ஏறுவதற்கு எத்தனை வாய்ப்பு, இறங்குவதற்கு எத்தனை வாய்ப்பு என்று நாம் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சந்தை நிச்சயம் ஏறும் என்று நம்புபவருக்கும் 10 ரூபாய்தான். இறங்கும் என்று அஞ்சுபவருக்கும் 10 ரூபாய்தான். ஏனெனில் இவ்விலை ஊகத்தின் விலையன்று. வாக்கைக் காப்பாற்ற ஆகும் செலவு. இதனை ஆங்கிலத்தில் ஹெட்ஜிங் என்பர். ஹெட்ஜ் என்றால் வேலி. நாமும் வேலியடைத்தல் என்றே கூறலாம்.

இக்கருத்தை விரிவான கணிதமாக்கியவர்கள் பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் ஆகியோர். அவர்களுடைய ஆய்வுகள் 1973 இல் வெளிவந்தன. 1976 இல் பிரென்னன், ஷ்வார்ட்ஸ் என்னும் இருவர் அதனை இன்ஷ்யூரன்ஸ் உத்தரவாதங்களுக்குப் பொருத்திக் காட்டினர். கணிதம் கையில் இருந்தும், அதனைப் பயன்படுத்தக் கம்பெனிகள் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டன.

இப்பொழுது சந்தையின் நிலையை மாற்றிப் பார்ப்போம். வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம் கிடைக்கும் என்று கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் 60 ரூபாய் தேவையெனில் இன்று 57 ரூபாய் 69 காசு இருந்தால் போதும். அதில் 50 ரூபாய் அலகை விற்றதால் வந்தது. ஆகவே உத்தரவாதத்தின் விலை 7 ரூபாய் 69 காசு. வட்டி மறைந்தால் அது 10 ரூபாய் ஆகிறது. இனி, வட்டியும் இல்லை, சந்தையின் ஆட்டமும் மிகுந்துவிட்டது. அலகு 130 ஆகலாம், அல்லது 70 ஆகலாம் என்று கொள்ளுங்கள். இரவல் வாங்கிய அரை அலகை 65 ரூபாய் கொடுத்து மீட்க வேண்டியிருக்கும். ஆகவே விலை 15 ரூபாய். அலகின் இன்றைய விலை சிறிதும் மாறவில்லை. ஆயினும் உறுதிமொழியின் விலை 7 ரூபாய் 69 காசிலிருந்து 15 ரூபாய்க்கு, ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. ஆகவே பங்கு விலையின் இறக்கம், வட்டியின் வீழ்ச்சி, ஏற்ற இறக்கத்தின் வீச்சு ஆகிய மூன்றில் எது நேரினும் உத்தரவாதத்தின் சுமை கூடும்.

நாம் போட்ட கணக்கில் சந்தை ஓராண்டில் ஒரே முறைதான் அசைந்தது. உண்மையில் அது நொடிதோறும் அசைகிறது. சந்தை சற்று இறங்கினால் உத்தரவாதத்துக்குப் பணம் கொடுக்க நேரும் வாய்ப்பு கூடுகிறது. அரை அலகு போதாது. மேலும் விற்க வேண்டும். சற்று ஏறினால் விற்றதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்க வேண்டும். இறங்கிய பின் விற்று, ஏறிய பின் வாங்குவது எவருக்கும் நட்டம் தரும் வணிகமே. அச்சிறு நட்டங்களின் தொகையே வாடிக்கையாளரிடம் வாங்கிய விலையால் ஈடுசெய்யப்படுகிறது. ஆகவே இவ்வேலி ஒரு முறை கட்டி முடிக்கும் கல்மதில் அன்று. நாள்தோறும் முள் வெட்டி அடைத்துக் காக்க வேண்டிய வேலி.

2008 ஆம் ஆண்டில் இவ்வேலிகளுக்குச் சோதனை வந்தது. அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸ் 500 என்னும் பங்குக் குறியீட்டெண் அவ்வோராண்டில் 38 சதவீதம் வீழ்ந்தது. அரசாங்கத்தின் பத்தாண்டுக் கடன் பத்திர வட்டி ஏறத்தாழ 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. ஏற்ற இறக்க வீச்சை அளக்கும் விக்ஸ் என்னும் எண், அமைதிக் காலத்தில் 20 அல்லது அதற்கும் குறைவாக இருப்பது, நவம்பர் 20 ஆம் நாள் 80-ஐத் தாண்டி முடிந்தது. மூன்று காற்றுகளும் ஒரே நேரத்தில் வீசின.

1810 இல் தோன்றிய ஹார்ட்போர்டு கம்பெனி ஓரளவே வேலியடைத்திருந்தது. பிற முதலீடுகளிலும் அதற்குப் பெருநட்டம் நேர்ந்தது. 2008 இல் அதன் நிகர நட்டம் 275 கோடி டாலர். 2009 ஜூன் மாதத்தில் அரசாங்கத்திடம் 340 கோடி டாலர் உதவி பெற்றது. வங்கிகளுக்கென வகுத்த உதவி அது. ஆகையால் அதனைப் பெறும் தகுதிக்காகவே புளோரிடாவில் ஒரு சிறு சேமிப்பு வங்கியை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று! மறு ஆண்டில் அத்தொகையைத் திருப்பிவிட்டதாயினும், 2012 இல் புதிய ஆண்டுத்தொகைத் திட்டங்களை விற்பதையே அக்கம்பெனி கைவிட்டது.

கனடா நாட்டின் மாபெரும் கம்பெனியான மேனுலைஃப் 1887 இல் தோன்றியது. அந்நாட்டின் முதல் பிரதம மந்திரியே அதன் முதல் தலைவர். பங்குச் சந்தை நெடுங்காலத்தில் ஏறியே தீரும் என்னும் நம்பிக்கையால், அது தன் உத்தரவாதங்களில் பெரும்பகுதிக்கு வேலியே அடைக்கவில்லை. 2008 நவம்பரில் வங்கிகளிடம் 300 கோடி கனடா டாலர் கடன் பெற ஏற்பாடு செய்தது. டிசம்பரில் புதிய பங்குகளை விற்றுப் பணம் திரட்டியது. அக்கடைசிக் காலாண்டில் அதன் நட்டம் 187 கோடி கனடா டாலர். 2009 ஆகஸ்டில் பங்குதாரர்களின் டிவிடெண்டைப் பாதியாகக் குறைத்தது.

அதன் நம்பிக்கை பொய்யா என்றால், முற்றிலும் பொய்யன்று. அமெரிக்கப் பங்குக் குறியீட்டெண் 2013 இல் தன் பழைய உச்சத்தை மீண்டும் எட்டியது. ஆனால் எதிர்காலத்தில் கொடுக்க நேரும் தொகைக்கு இன்றே மூலதனம் காட்ட வேண்டும் என்பது சட்டம். வடியப்போகும் வெள்ளமாயினும், வடியும்வரை மூச்சுப் பிடிக்க வல்லவன்தான் பிழைப்பான். நெடுங்கால நம்பிக்கை குறுங்காலக் கையிருப்புக்கு ஈடாகாது. அக்கம்பெனி பின்னர்த் தானும் வேலியடைக்கத் தொடங்கியது.

வேலியால் தடுக்க இயலாதனவும் உள்ளன. அவற்றுள் தலையாயது மனிதர்களின் நடத்தை. பாலிசிதாரருள் ஒரு பகுதியினர் இடையிலேயே பாலிசியைச் சரண்டர் செய்துவிடுவர் என்று எதிர்பார்த்துத்தான் கம்பெனிகள் விலையைக் குறைத்து வைக்கின்றன. சந்தை வீழ்ந்து உத்தரவாதம் பொன்னாகிவிட்டால் எவர் சரண்டர் செய்வார்? எல்லோரும் இறுகப் பற்றிக்கொள்வர். அவர்கள் செய்வது சரியே. கட்டணத்தின் அமைப்பும் ஒரு குறை. பெரும்பாலும் அது நிதியின் மதிப்பில் சதவீதமாக வாங்கப்படுகிறது. 100 ரூபாய் நிதியில் 1 சதவீதம் 1 ரூபாய். நிதி 60 ரூபாயாக வீழ்ந்தால் 60 காசு. உத்தரவாதத்தின் சுமை ஏறும் அதே நேரத்தில் அதற்கான வருவாய் இறங்குகிறது. மேலும், வாடிக்கையாளரின் பணம் ஒரு நிதியில் இருக்க, வேலி வேறொரு குறியீட்டெண்ணைக் கொண்டு கட்டப்படுகிறது. இரண்டும் என்றும் ஒன்றுபோல் அசைவதில்லை.

இப்பாடங்களைக் கற்ற கம்பெனிகள் 2008-க்குப் பின் கட்டணத்தை உயர்த்தின, உறுதிகளைச் சுருக்கின. கட்டுப்பாடான நிதிகளில் முதலிடுவோர்க்கே உத்தரவாதம் என்று விதித்தன. 2020 இல் கொள்ளைநோயின் அச்சத்தால் பிப்ரவரி 19 முதல் மார்ச்சு 23 வரை அமெரிக்கச் சந்தை 34 சதவீதம் வீழ்ந்தபொழுது, வேலிகள் பெரும்பாலும் நின்றன. 2022 இல் புதுமையான நிலை தோன்றியது. பங்குகள் ஏறத்தாழ 19 சதவீதம் இறங்கின. ஆயினும் வட்டி வீதம் விரைந்து ஏறியதால் உறுதிமொழிகளின் சுமை ஒருபுறம் குறைந்தது. ஆனால் வட்டி இறங்கிவிடுமோ என்று முன்னரே கட்டிய வேலிகள் அவ்வாண்டில் நட்டம் காட்டின. ஒரு வேலி நட்டம் காட்டுவதால் அது வீண் என்று எண்ணலாகாது. மழை பெய்யாத நாளில் சுமந்த குடையின் பாரம் போன்றது அது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு உண்டு. 2010 ஆம் ஆண்டில் இன்ஷ்யூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையம், பங்குச் சந்தையைச் சார்ந்த ஓய்வூதியத் திட்டங்களில் ஆண்டுக்கு 4.5 சதவீதமாவது உறுதியளிக்க வேண்டும் என்று விதித்தது. மக்கள் நலன் கருதியே அவ்விதி வந்தது. ஆனால் அவ்வுறுதியைக் காக்கப் பணத்தில் பெரும்பகுதியைக் கடன் பத்திரங்களில் இட வேண்டியிருந்தது. பல கம்பெனிகள் அத்திட்டங்களை விற்பதையே நிறுத்திக்கொண்டன. மறு ஆண்டில் அவ்விதி தளர்த்தப்பட்டது. உத்தரவாதத்தை ஆணையால் பிறப்பிக்கலாம். அதன் விலையை ஆணையால் ஒழிக்க இயலாது என்பதை இது காட்டுகிறது.

உத்தரவாதங்களே கூடாது என்று நான் கூறவில்லை. எனக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியமும் ஓர் உத்தரவாதமே. அதன் அருமையை அதனை உண்டு வாழும் நான் அறிவேன். முதியவர்களுக்கு இரவில் உறக்கம் தருவது உறுதியான வருவாய். அத்தகைய உறுதியை விற்பவர் அதன் விலையை ஒளிக்காமல் கூற வேண்டும்; வாங்குபவர் அதனைக் கேட்டறிய வேண்டும் என்பதே நான் சொல்லவந்தது. நீங்கள் நாளை இத்தகைய தாளில் கையொப்பமிட நேர்ந்தால், இதன் கட்டணம் எவ்வளவு, அதனை எதிலிருந்து எடுக்கிறீர்கள், சந்தை பாதியாக வீழ்ந்தால் எனக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். உங்களுள் சிலர் ஆக்சுவரி என்னும் இன்ஷ்யூரன்ஸ் கணிதராகி, மேசையின் மறுபுறம் அமரவும் கூடும். அப்பொழுது, வினாத்தாள் ஒன்றே என்பதை மறவாதீர்கள்.

என் அகராதிக் கதையின் முடிவைக் கூறி அமைகிறேன். அந்த 27 பேருக்குப் பின்னும் நான் அறிவிப்பைத் திரும்பப் பெறவில்லை. அடுத்த மாதம் முதல் அஞ்சலகத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கி, மாதந்தோறும் ஒரு தொகையைப் போட்டுவந்தேன். வினாத்தாள் கடினமான ஆண்டுகளில் பணம் மிஞ்சியது. எளிதான ஆண்டில் அது கைகொடுத்தது. நான் ஓய்வு பெற்ற நாளில் எஞ்சியிருந்த தொகைக்குப் பள்ளி நூலகத்துக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று வரிசையில் நின்ற 27 பேருள், வண்ணத்தாளுடன் என்னிடம் வந்த அந்த மாணவரும் ஒருவர். அடுத்த முறை அவர் வரும்பொழுது, தாம் பெற்ற அகராதியின் விலையை அவருக்குச் சொல்லப்போகிறேன்.